பின்னறை வாசலில் ஒரு ஜோடி செருப்பு

திருக்கோகர்ணம்,
புதுக்கோட்டை.
செவ்வாய்க்கிழமை, கடையில் ஆள் இல்லாத நேரம்.

அன்பு மருமகள் ஜெனிஷாவுக்கு,

ஜெர்மனி தேசம் ஹாம்பர்க் மாநகரம் வரை கேட்கும்படி, உன் தாய்மாமன் ஆண்ட்ரூஸ் தட்டச்சில் இடித்து அனுப்பும் மடல். இங்கே நான் இடுப்பு ஒன்றைத் தவிர மற்ற எல்லா உறுப்புகளிலும் சுகம். உன் அம்மாவும் சுகம். உன் அப்பா சுகமா இல்லையா என்பதை இதைப் படித்து முடித்துவிட்டு நீயே சொல்.

முதலில் ஒரு வாக்குறுதி. ஜெபமாலையை இடது கையில் சுற்றிக்கொண்டு வலது கையால் இந்த வரியை அடிக்கிறேன்: நான் சொல்லப்போகும் கதையை ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். நீ நம்ப மாட்டாய். நீ வேலை பார்க்கும் இடத்தில் கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு யந்திரம் உட்கார்ந்து அடுத்த வாரத்து மழையை இந்த வாரமே சொல்கிறதாமே, அதற்கு ஊட்டினாலும் துப்பிவிடும். எழுதுகிற நானே நாளைக் காலையில் நம்புவேனா என்பது சந்தேகம்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். தபாலில் அனுப்புவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, நான் எந்தக் கம்ப்யூட்டரையும் நம்புவதில்லை. அதை வைத்தே முப்பத்தைந்து வருஷமாகச் சோறு தின்கிறவன் என்பதால் எனக்கு அந்த உரிமை உண்டு. போன வாரம் கடையில் ஆன்லைன் அப்ளிகேஷன் போடுகிற சரண்யாவிடம் "இடுப்பு விட்டுப்போச்சும்மா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். பத்து நிமிஷத்தில் என் போனில் இடுப்பு பெல்ட் விளம்பரம். அதிலிருந்து கடையில் நான் வாயைத் திறப்பதே வாடிக்கையாளரைத் திட்ட மட்டும்தான். இந்தத் தட்டச்சு யந்திரத்துக்குக் காது கிடையாது. ரிப்பன் பழசு, எழுத்து அடிப்பாதியில் மங்கினால் நீ பொறுத்துக்கொள். இரண்டாவது காரணத்தை இப்போது சொல்ல மாட்டேன்.

சென்ற ஆடி மாதம் உன் அப்பா, சரித்திர ஆசிரியர் மைக்கேல்சாமி அவர்கள், ஆவூரிலிருந்து பஸ் பிடித்து வந்து என் கடை வாசலில் நின்றார். "மாப்ள, எனக்குக் கம்ப்யூட்டர் கத்துக் குடு. அக்காகிட்ட சொல்லிறாத. கண் டாக்டரப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார்.

இப்படிச் சொன்னது யார் என்பதை நினைத்துப் பார். மூன்று வருஷத்துக்கு முன்பு, அவர் மிஷன் பள்ளியில் பேசி வைத்திருந்த டீச்சர் வேலையை வேண்டாம் என்று நீ ஜெர்மனிக்குக் கிளம்பிய அன்று, உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான். "கம்ப்யூட்டர நம்பித்தான போற. இனிமே அதையே அப்பான்னு கூப்புட்டுக்க" என்று உன்னைப் பார்த்துச் சொன்னவர் அவர். பஸ் ஸ்டாண்டுக்குக்கூட வரவில்லை. அதற்குப் பிறகு உங்கள் இருவருக்கும் பேச்சு இல்லை. நீ ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டால் அவர் எழுந்து கொத்தமல்லிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். மூன்று வருஷமாக அந்தக் கொத்தமல்லி குடித்த தண்ணீரில் கட்டுமாவடிக் கடலை இன்னொரு தடவை நிரப்பலாம். அப்படிப்பட்ட மனுஷர் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வந்தால் எனக்குச் சந்தேகம் வருமா வராதா?

போனை எடுத்து, இதுவும் கம்ப்யூட்டர்தான் மச்சான், இதிலேயே ஆரம்பிக்கலாம் என்றேன். அவர் கையைக் கட்டிக்கொண்டார். "கடைசிப் பாடத்த முதல்ல நடத்துறவன் வாத்தியாரே இல்ல. மொத அத்தியாயத்துல இருந்து வா" என்றார். சரித்திர வாத்தியார் இல்லையா, கற்காலத்தைத் தாண்டாமல் தற்காலத்துக்கு வர மாட்டார்.

ஆகையால் மருமகளே, என் பின்னறையில் உலக சரித்திரம் தொடங்கியது. அந்த அறை உனக்குத் தெரியும். என் கடையின் பெயர்ப் பலகையில் ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு பெயிண்ட் இருக்கிறது: தட்டச்சுப் பயிலகம், கம்ப்யூட்டர் சென்டர், பிரவுசிங் சென்டர், இப்போது ஜெராக்ஸ். ஒவ்வொரு பெயிண்ட்டின் காலத்து யந்திரமும் பின்னறையில் செத்ததும் சாகாததுமாகக் கிடக்கிறது.

முதல் பாடம், எது கம்ப்யூட்டர், எது கம்ப்யூட்டர் இல்லை. தட்டச்சு யந்திரத்தைக் காட்டி, இது கம்ப்யூட்டர் ஆகாது, இதற்கு ஞாபகசக்தி கிடையாது, அடித்ததை அடித்த நொடியே மறந்துவிடும் என்றேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் உதவும்.

அடுத்து, பெரிய கம்ப்யூட்டர்கள். அந்தக் காலத்தில் திருச்சித் தொழிற்சாலை ஒன்றில் நான் பார்த்த யந்திரம் மூன்று வீடு நீளம் என்றும், ஓட்டை போட்ட அட்டைகளை அதற்குத் தீனியாகப் போட ஏழு பேர் இருந்தார்கள் என்றும், அது ஒரு பெருக்கல் கணக்குப் போட்டால் விராலிமலை வரைக்கும் விளக்கு மங்கி மயிலெல்லாம் பொழுது சாய்ந்தது என்று அடைந்துவிடும் என்றும் சொன்னேன். மச்சான் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "வருஷம் என்ன?" என்றார். எனக்கு இருமல் வந்துவிட்டது.

பிறகு மேஜைக் கம்ப்யூட்டர். இந்த ஊருக்கு முதன்முதலில் நான் கொண்டு வந்தது, பச்சை எழுத்து, இரண்டு ஃபிளாப்பி வாய். அதை இறக்க யானை கேட்டேன், கிடைக்கவில்லை, பதினாறு பேர் தூக்கினார்கள். அதுதான் ஊரின் முதல் கம்ப்யூட்டர் என்பதை மட்டும் அவர் மறுக்கவில்லை. திறப்பு விழாவுக்கு அவரும் வந்திருந்தார். ஏ.சி. போட்ட அறை, தூசி ஆகாது என்று எல்லோரையும் வாசலில் செருப்பைக் கழற்ற வைத்தோம். ஊரே கோயிலுக்குள் போவது மாதிரி வெறுங்காலோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தது. இன்று ஏ.சி. செத்து, அறையில் எலி குடும்பம் நடத்துகிறது. ஆனாலும் உன் அப்பா ஒவ்வொரு நாளும் பின்னறை வாசலில் செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

அங்கிருந்து வேகம் பிடித்தோம். அரசாங்கம் பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினி, பலகை மாதிரி டேப்லட், சட்டைப்பையில் போன், மணிக்கட்டில் கடிகாரம். வேஷம் போட்ட கம்ப்யூட்டர்களையும் நான் விடவில்லை. கண்டக்டர் இடுப்பில் தொங்கும் டிக்கெட் மெஷின், ரேஷன் கடையில் கட்டைவிரலைக் கேட்கும் பெட்டி, கோட்டைப்பட்டினம் விசைப்படகில் கரை எந்தப் பக்கம் என்று சொல்லும் கருவி, எல்லாம் அந்த ஜாதிதான் என்றேன். "அப்ப நம்மளச் சுத்தி வளைச்சிட்டாங்க போல" என்றார். நான் முப்பத்தைந்து வருஷமாகச் சொல்வதை ஒருத்தர் ஒத்துக்கொண்டது அன்றுதான்.

இதெல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. கார்த்திகையில் அவர் கதவைச் சாத்த ஆரம்பித்தார்.

பின்னறையில் மிஷன் பள்ளிக்கு நான் பரீட்சைக் கேள்வித்தாள் அடித்துக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று இன்னும் மூச்சு விடுகிறது. உன் அப்பா தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவர், என் அப்பாவிடம் படித்தவர். அந்த யந்திரத்தில் விசைகளெல்லாம் பழைய தட்டச்சு மாதிரியே என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து, "நீ போய் யாவாரத்தப் பாரு மாப்ள" என்று என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

எனக்கு ஒரு வித்தை தெரியும் என்று உனக்குச் சிறு வயதில் சொல்லியிருக்கிறேன். முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாலும், சத்தத்தை வைத்தே யார் எந்த எழுத்தை அடிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். தட்டச்சு யந்திரம் ஊரைக் கூட்டிப் பேசும். பழைய கம்ப்யூட்டர் சத்தமாகப் பேசும். மடிக்கணினி கிசுகிசுக்கும். இந்தப் போன் இருக்கிறதே, வாயே திறக்காது. அதனால்தான் அதன் மேல் எனக்குச் சந்தேகம் அதிகம். கம்ப்யூட்டர் வளர்ந்தது என்கிறார்கள், எனக்குத் தெரிந்து அது அமுக்குணியாக ஆகிக்கொண்டே வந்தது, அவ்வளவுதான்.

நல்லவேளை, உன் அப்பா உட்கார்ந்தது சத்தக்காரனிடம். பிளைவுட் தடுப்பில் காதை வைத்தேன்.

எதிர்க்கடை கண்ணுசாமிக்கு ஒற்றனாக வந்திருக்கிறாரோ என்பது என் முதல் சந்தேகம். அவனும் ஜெராக்ஸ் கடைதான், என் வாடிக்கையாளர் பட்டியல் அவனுக்குத் தேவை. பிறகு, பங்குச்சாமியாருக்கு என்னைப் பற்றிப் புகார் எழுதுகிறாரோ என்று நினைத்தேன். இயேசுவின் பாடுகளை வருஷா வருஷம் நடிக்கிற பாஸ்கா நாடகத்தில் பத்தொன்பது வருஷமாக நான்தான் அவரைக் காட்டிக்கொடுக்கும் யூதாஸ். அந்த வேஷத்தைப் பிடுங்கி உன் பெரியப்பா மகன் பீட்டருக்குக் கொடுக்கச் சொல்லி மனுவோ என்னவோ. அந்த நினைப்பு வந்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. ஏனென்றால் பீட்டர் அடிக்கடி உங்கள் வீட்டுக்கு வந்துபோவதாக உன் அம்மா சொல்லியிருந்தாள். வேஷத்துக்கு இத்தனை நடையா என்று யோசித்தேன். வீடும் கிணற்றடி நிலமும் ஞாபகம் வந்தது. உன்னைத் தள்ளிவிட்டு உயில் எழுதுகிறார் என்று முடிவு கட்டினேன்.

அதை உறுதிப்படுத்துகிற மாதிரி ஒரு நாள் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "மாப்ள, இதுல ஒரு எழுத்த அடிச்சுட்டு அழிச்சா, உள்ள எங்கயாவது இருக்குமா, அடியோட போயிருமா?" என்று கேட்டார். இது உயில் எழுதுகிறவன் கேட்கிற கேள்வியா இல்லையா? அன்றுமுதல் தடுப்புக்குப் பின்னாலிருந்து எனக்குக் கேட்டது ஒரே சத்தம். ஏழெட்டு எழுத்து அடிப்பார். கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். பிறகு ஒரே விசை, டொக், டொக், டொக் என்று அடித்தது முழுக்க அழியும் வரைக்கும். மறுபடி ஏழெட்டு எழுத்து. இப்படி ஒரு வாரம். உன் பேரை எடுப்பதற்குத்தான் இந்தப் பாடு என்று நான் உள்ளுக்குள் கொதித்தேன். மச்சானுக்கு டீ வாங்கி வரச் சொல்லும்போது சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிப் பழி வாங்கினேன்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு கதவு திறந்தது. சரண்யாவிடம் ஏதோ குசுகுசுத்தார். அவள் ஒன்பதாம் வகுப்பில் அவரிடம் படித்தவள், இன்றைக்கும் அவரைக் கண்டால் எழுந்து நிற்பாள். ஏதோ செய்து கொடுத்தாள். என்னம்மா என்று கேட்டால் "சார் சொல்லக் கூடாதுன்னாங்க சார்" என்கிறாள். எந்த சாருக்கு நான் சம்பளம் கொடுக்கிறேன் என்று எனக்கே குழப்பம்.

பொங்கலுக்கு அடுத்த வாரம் உன் அம்மா போனில் பேசும்போது, பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். நீ ஞாயிற்றுக்கிழமை அவளிடம், யாரோ தெரியாத ஆள் பேர் ஊர் எதுவும் எழுதாமல் ஒரு ஃபைல் அனுப்பியிருந்ததாகச் சொல்லி, "தொறந்து பாத்தேம்மா, ஒரே குப்ப, அழிச்சுட்டேன்" என்றாயாம். வைரஸாக இருக்கும் என்றும் சொன்னாயாம். நீ சந்தேகப்பட்டதில் தப்பில்லை, நம் வீட்டு ரத்தம். ஆனால் உன் அம்மாவுக்குக் காது மந்தம், அவள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். கொத்தமல்லிப் பாத்தி சமையற்கட்டு ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது.

மறுநாள் உன் அப்பா கடைக்கு வந்தார். நேராகப் பின்னறைக்குப் போனார். செருப்போடு போனார் ஜெனிஷா. நான் பின்னாலேயே ஓடினேன். அந்தப் பழைய கம்ப்யூட்டரை அவர் போடக்கூட இல்லை, அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். "மாப்ள, அங்கிட்டு அழிச்சா இங்கிட்டும் அழிஞ்சிருமா?" என்று கேட்டார்.

அப்போதுதான் இந்த மண்டைக்கு விளங்கியது. உயிலும் இல்லை, மனுவும் இல்லை. சரண்யாவைக் கூப்பிட்டு அதட்டினேன், எல்லாம் வந்தது. அவருக்கென்று, பேர் தெரியாதபடி வெறும் எழுத்தும் எண்ணுமாக ஒரு மெயில் முகவரி போட்டுக் கொடுத்திருக்கிறாள். பின்னறையில் அடித்ததை அப்படியே ஃபைலாக இணைத்து உனக்கு அனுப்பியிருக்கிறாள். மேலே ஒரு வரி, யார் அனுப்புவது என்று, எழுத வேண்டும் என்பது ரெண்டு பேருக்கும் தோன்றவில்லை. "கடுதாசிக்குள்ளதான எல்லாம் இருக்கு, மேல எதுக்கு" என்று இவர் சொன்னாராம்.

நடந்தது இதுதான். பின்னறைக் கம்ப்யூட்டரில் அவர் அடித்த பழைய தமிழ் எழுத்துரு என் கடையில் உள்ள எல்லா யந்திரத்திலும் இருக்கிறது. அதனால் இங்கே எதில் திறந்தாலும் நல்ல தமிழ். உன் ஹாம்பர்க் யந்திரத்தில் அது கிடையாது. அங்கே திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கொட்டிக் கிடக்கும். உன் திரையில் முதல் வார்த்தையாக என்ன இருந்தது என்று நான் இங்கிருந்தே சொல்லட்டுமா? சின்ன எம், டி, அரைப்புள்ளி, பெரிய ஜி, எஸ், அரைப்புள்ளி, மறுபடி ஒரு எஸ். அது வைரஸ் இல்லை மருமகளே. எங்கள் பின்னறைப் பாஷையில் அதற்கு 'அன்புள்ள' என்று பேர்.

இதை அவரிடம் விளக்கினேன். எழுத்துருப் பாடத்தை நான் நடத்தாமல் விட்டது என் தப்பு என்றும் சொன்னேன். அவர் நம்பவில்லை. இத்தனை வருஷம் நான் விட்ட கதைகளுக்கெல்லாம் சேர்த்து அன்று தண்டனை கிடைத்தது. "நீ என் மனசாத்துறதுக்கு ஒரு கத கட்டுற. அவ பாத்தேன்னு சொன்னா, குப்பன்னு சொன்னா. சரி விடு" என்றார். சரண்யாவும் சொல்லிப் பார்த்தாள். முதலாளிக்குச் சாட்சி சொல்கிறாள் என்றார்.

பிறகு என்னிடம் சத்தியம் வாங்கினார். "போன்ல அவகிட்ட சொல்லக் கூடாது. மெயில், வாட்ஸாப் கூடாது. பெருசு, சிறுசு, மடியில வைக்கிறது, பையில வைக்கிறது, கையில கட்டுறது, எந்த வகைக் கம்ப்யூட்டர் வழியாவும் ஒரு வார்த்த போகக் கூடாது" என்றார். நான் நடத்திய பாடம் ஒன்று விடாமல் அவருக்கு மனப்பாடம். மாதா படத்தின் முன்னால் நானும் சத்தியம் செய்தேன்.

மேலே ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே ஒரு வரி, அதுதான் நான் சொல்லாமல் வைத்த இரண்டாவது காரணம். தட்டச்சு யந்திரம் கம்ப்யூட்டர் ஆகாது. அவர் நோட்டிலேயே எழுதியிருக்கிறார். தவிர, பத்தொன்பது வருஷம் யூதாஸாக நடித்தவன் ஒரு தடவையாவது காட்டிக்கொடுக்காவிட்டால் அந்த வேஷத்துக்கு என்ன மரியாதை?

அவர் அடித்தது அந்த யந்திரத்துக்குள் அப்படியே இருந்தது. அங்கிட்டு அழித்தால் இங்கிட்டு அழியாது. இன்று காலையில் அச்செடுத்து, இரண்டு பக்கம், இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன். பிரிண்டர் தலைப்பக்கத்தை முதலில் துப்பியதால் முதல் வார்த்தை மட்டும் கண்ணில் பட்டது. அதோடு தாளைக் கவிழ்த்துவிட்டேன். நான் படிக்கவில்லை என்றால் நீ நம்ப மாட்டாய், நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன்.

அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. கண் டாக்டர் கண்ணெல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டதாக உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். உன் அம்மா அதை என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள்.

அவர் எழுதியதற்கு நீ என்ன பதில் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். கோபம் இருந்தால் அது உன் நியாயம். நான் கேட்பது ஒன்றுதான். இது கைக்கு வந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அம்மாவைக் கூப்பிடு. அப்பாவைக் கூப்பிடச் சொல்லாதே, வர மாட்டார். ஜன்னலுக்குக் கீழே குனிந்து நின்றுகொண்டிருப்பார். அந்த ஃபைலைத் திறந்தபோது உனக்கு என்ன தெரிந்தது என்பதை அம்மாவிடம் சொல்லு. எம், டி, அரைப்புள்ளி என்று ஒவ்வொன்றாகச் சொல்லு. அம்மாவுக்குக் காது மந்தம், அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொல்லு.

குளிரில் காதை மூடிக்கொள். மாதா உன்னை அங்கும், இந்த வீட்டை இங்கும் ஒரே கையால் பிடித்துக்கொள்ளட்டும்.

ஆசியுடன்,
உன் மாமன்,
அ. ஆண்ட்ரூஸ்,
இந்த ஊரின் முதல் கம்ப்யூட்டரை இறக்கியவன் (தானே சூட்டிக்கொண்ட பட்டம்).

பின்குறிப்பு: மயில் அடைந்தது பொய். யானை பொய், பதினாறு பேரும் பொய், ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில்தான் வந்தது. சத்தத்தை வைத்து எழுத்தைப் படிப்பேன் என்பது என் வாழ்நாள் புளுகு, எல்லா விசையும் எனக்கு ஒரே சத்தம்தான். அழிக்கிற விசை மட்டும் அந்தக் கீபோர்டில் கொஞ்சம் தளர்ந்து போயிருக்கிறது, அதன் சத்தம் தனி. 'அன்புள்ள' என்று அடிக்க அதில் ஏழு விசை, மேலே நானே எண்ணிக் காட்டியிருக்கிறேன். அந்த ஒரு வாரம் முழுக்க அவர் உன் பேர் வரை அடித்து அடித்து அழித்துக்கொண்டிருந்ததை நான் கேட்டது மட்டும் உண்மை.